கதவு பிடிக்கிறதா? ஒரு பழைய வீட்டுக் காரோடு மூன்று கோடைகள்

கரூரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்று இருந்தது. அப்பா அங்கேதான் வேலை பார்த்தார். புது சேஸிஸ் வரும் நாளில் பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கே ஓடிவிடுவேன். வெறும் சட்டம், அதன்மேல் இன்ஜின், ஸ்டீயரிங், ஆறு சக்கரம், அவ்வளவுதான். டிரைவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, திறந்த வெளியில் ஒரு தற்காலிக சீட்டில் உட்கார்ந்து, வெயிலையும் புழுதியையும் வாங்கிக்கொண்டு வந்து சேருவார். சில வாரங்கள் கழித்து அதே சேஸிஸ் கண்ணாடியும் சீட்டும் பெயிண்ட்டுமாக, மாலை போட்டுக்கொண்டு பட்டறையை விட்டு வெளியே போகும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு தானியக் கொட்டகைக்குள் 1920களின் ஃபோர்ட் மாடல் டி கார் ஒன்றின்மேல் யாரோ கையால் கட்டிய மரவீட்டை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது எந்த அருங்காட்சியகமும் இல்லை, அந்தப் பட்டறைதான். முன்னால் இன்ஜின் மூடி, அதற்குப் பின்னால் சின்ன ஜன்னல்கள் வைத்த பலகை வீடு, கூரைக்கு மேல் கித்தான் துணி. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அது குடும்பச் சொத்தாக வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தனியாளாகச் செய்ய முடியவில்லை, சனிக்கிழமைகளில் கை கொடுக்க முடியுமா என்று கேட்டார். அந்தச் சனிக்கிழமைகள் மூன்று கோடைகளாக நீண்டன.

இந்த மாதிரி வண்டிகளுக்கு அமெரிக்காவில் அன்றைய பெயர் 'ஹவுஸ் கார்'. மோட்டார் ஹோம் என்ற பெயரெல்லாம் பிற்பாடு வந்தது. 1910-லேயே பியர்ஸ்-ஏரோ நிறுவனம் பணக்காரர்களுக்காக டூரிங் லேண்டோ என்ற வண்டியைச் செய்து காட்டியது. ஆனால் சாதாரண மனிதனை இந்தப் பக்கம் இழுத்தது மாடல் டி-தான். 1908-இலிருந்து 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் அந்தக் கார்கள் வெளிவந்தன. 1920களில் பழைய மாடல் டி சல்லிசாகக் கிடைத்தது. மேல்பாடியைக் கழற்றிவிட்டால் கையில் ஒரு சேஸிஸ். தச்சுவேலை தெரிந்தவன், தெரியாதவன், விவசாயி, பள்ளி வாத்தியார் என்று பலரும் அதன்மேல் பலகை அடித்துப் படுக்கை போட்டார்கள். 1919-இல் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரத்து டி சோட்டோ பார்க்கில் இப்படிப்பட்டவர்கள் கூடி 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று ஒரு சங்கமே தொடங்கினார்கள். ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவை மாட்டிக்கொள்வதுதான் அவர்களுக்கு அடையாளம். அந்தச் சங்கத்தை 1998-இல் மிச்சிகனில் மறுபடி உயிர்ப்பித்திருக்கிறார்கள் என்பதில் இந்த ஊர்க்காரனாக எனக்குத் தனி சந்தோஷம்.

கம்பெனி செய்த பாடிகளும் இருந்தன. மிச்சிகனின் பே சிட்டியில் சாகல்மேயர் என்ற நிறுவனம் செய்தது. மதுவிலக்கு வந்து பீர் வியாபாரம் படுத்தபோது செயின்ட் லூயிஸின் அன்ஹைசர்-புஷ் கூட மாடல் டி மேல் பொருத்தும் முகாம் பாடி கட்டியது. எங்கள் வண்டியில் எந்தக் கம்பெனியின் தகடும் இல்லை. அலமாரியின் பின்பலகை ஆரஞ்சுப் பழப்பெட்டி மரம். ஜன்னல்கள் ஒன்றுக்கொன்று அரை அங்குலம் அளவு மாறும். வீட்டில் செய்ததுதான்.

முதல் வேலையாக எதையும் கழற்றாதீர்கள் என்றுதான் யாருக்கும் சொல்வேன். நாங்கள் ஒரு மாதம் படம் மட்டுமே எடுத்தோம். ஒவ்வொரு திருகுக்கும் பக்கத்தில் எண் எழுதிய காகிதத்தை ஒட்டி, அளவுகோல் வைத்து எடுத்தோம். சமையல் பலகையைக் கழற்றியபோது அதன் அடியில் பென்சில் எழுத்து இருந்தது. இடது பக்கம் மாதமும் தேதியும், நடுவில் மைல், வலது பக்கம் எத்தனை காலன் பெட்ரோல். ஆண்டு போடவில்லை. ஒரு வரியில் மட்டும் பெட்ரோல் கணக்குக்குப் பதில் 'மழை, நகரவில்லை' என்று இருந்தது. அந்தப் பலகையை இழைப்புளி போட்டுச் சுத்தம் செய்யலாம் என்று நான் எடுத்து வைத்திருந்தேன். திருப்பிப் பார்க்காமல் இழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

வண்டியின் வயதைத் தெரிந்துகொள்ள சேஸிஸில் எண் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1926-க்கு முன்பு வரை சட்டத்தில் எண் அடிக்கும் பழக்கமே இல்லை. இன்ஜினின் இடது பக்கம், தண்ணீர் உள்ளே போகும் குழாய்க்கு மேலே ஒரு எண் இருக்கும், அதுதான் வண்டியின் எண். பதிவுக் காகிதத்திலும் அதுதான் வரும். இன்ஜினை இடையில் யாராவது மாற்றியிருந்தால் அந்த எண் இன்ஜினின் வயதைத்தான் சொல்லும், வீட்டின் வயதைச் சொல்லாது.

அடுத்தது பெயிண்ட். அந்தக் காலத்து பெயிண்ட்டில் ஈயம் இருக்கும். அமெரிக்காவில் வீடுகளுக்கு ஈய பெயிண்ட்டைத் தடை செய்ததே 1978-இல்தான். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. ஹார்டுவேர் கடையில் சோதனைக் குச்சி கிடைக்கும், முதலில் அதைத் தேய்த்துப் பாருங்கள். நாங்கள் தரையில் பிளாஸ்டிக் விரித்து, தண்ணீர் தெளித்து, முகத்தில் நல்ல வடிகட்டி மாட்டிக்கொண்டு சுரண்டினோம். வேலைத் துணியோடு வீட்டுக்குள் போகவில்லை. என் பெண்ணுக்கு அப்போது நான்கு வயது. அந்த வேலை முடியும்வரை அவளைக் கொட்டகைப் பக்கமே விடவில்லை. அடுப்புக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் அட்டை மாதிரி ஒன்று இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதை உடைக்காமல் ஆளை வைத்து எடுப்பதுதான் நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

இரண்டாம் கோடையில் வண்டி ஓடத் தொடங்கியது. மாடல் டி ஓட்டிப் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கீழே மூன்று பெடல் உண்டு, ஆனால் எதுவும் நாம் நினைக்கிற பெடல் இல்லை. இடது பெடலை முழுக்க அழுத்தினால் முதல் கியர், பாதியில் நியூட்ரல், காலை எடுத்தால் மேல் கியர். நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பெடல்தான் பிரேக். ஆக்ஸிலரேட்டர் காலில் இல்லை, ஸ்டீயரிங்குக்குக் கீழே வலது பக்கக் குச்சி. இடது பக்கக் குச்சி, இன்ஜினுக்குள் தீப்பொறி விழும் நேரத்தை முன்னே பின்னே தள்ளுவது. இன்ஜினைக் கிளப்ப முன்னால் நின்று ஹேண்டில் போடும்போது இந்த இடது குச்சி முழுக்க மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் பின்னுக்கு உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்க வேண்டும், கைப்பிடியைச் சுற்றி வளைத்துப் பிடிக்கக் கூடாது. கீழிருந்து மேலே இழுக்கலாம், மேலிருந்து கீழே அமுக்கக் கூடாது.

பிரேக் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது. மாடல் டி-யின் கால் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கியர்பெட்டிக்குள் சுழலும் ஒரு டிரம்மைத்தான் பிடிக்கிறது. அந்தப் பிடி நடுத்தண்டு வழியாகப் பின் அச்சுக்குப் போய்ச் சேர வேண்டும். பின் அச்சுக்குள் பாபிட் என்ற மிருதுவான உலோகத்தில் செய்த வளையங்கள் இருக்கும். காலப்போக்கில் அவை நொறுங்கும். நொறுங்கினால் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று விட்டுவிடும். அப்போது இழுவையும் இல்லை, கால் பிரேக்கும் இல்லை. கை பிரேக் ஒன்றுதான் மிச்சம், அது பின்சக்கரம் இரண்டை மட்டும் பிடிக்கும். முன்சக்கரத்தில் பிரேக்கே கிடையாது. வெறும் காருக்கே இது ஆபத்து. அதன்மேல் ஒரு வீட்டை ஏற்றினால் கேட்க வேண்டாம். அதனால் வண்டியை ரோட்டில் இறக்குவதற்கு முன் பின் அச்சைத் திறந்து பாபிட் வளையங்களை எடுத்துவிட்டு வெண்கல வளையம் போட்டோம். பின்சக்கர டிரம்மின் வெளிப்பக்கத்தைப் பிடிக்கும் 'ராக்கி மவுண்டன்' பிரேக்கும் பொருத்தினோம். இவை எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. பணம் குறைவாக இருந்தால் பெயிண்ட்டைத் தள்ளிப் போடுங்கள், இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

மரச் சக்கரத்தையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு ஆரத்தையும் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். வண்டி மெதுவாக நகரும்போது 'டிக் டிக்' என்று கேட்டால் ஆரம் தளர்ந்திருக்கிறது. தண்ணீரில் ஊறப்போட்டால் மரம் உப்பி இறுகும் என்று சிலர் சொல்வார்கள். காய்ந்ததும் முன்பைவிட அதிகமாகத் தளரும். புது ஆரம் போடுவதுதான் வழி.

நான் செய்த பெரிய தவறு தண்ணீர்த் தொட்டி. பின்புறம் இடம் காலியாக இருக்கிறதே என்று 75 லிட்டர் தொட்டியைப் பின் அச்சிலிருந்து சுமார் ஒரு மீட்டர் தள்ளி வைத்தேன். 75 கிலோதானே என்று நினைத்தேன். மாடல் டி-யின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 100 அங்குலம், அதாவது 2.54 மீட்டர். பின் அச்சுக்கு அப்பால் தொங்கும் எடை துலாக்கோல் மாதிரி வேலை செய்யும். கணக்குப் போட்டால் அந்த 75 கிலோ, பின் அச்சில் ஏறக்குறைய 105 கிலோவை ஏற்றி, முன் அச்சிலிருந்து 30 கிலோவைத் தூக்கிவிடுகிறது. கணக்குத் தெரிந்தவன்தான் நான், ஆனால் போட்டுப் பார்க்கவில்லை. ஒரு சரளைக் கல் பாதை வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், வண்டி நேராகவே போனது. ஓரத்துப் புல்லில் ஏறி நின்றதால் பிழைத்தோம். அன்று மாலையே தொட்டியைக் கழற்றி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால், அச்சுக்கு முன்பக்கம் வைத்தோம். லாரிகள் எடை போடும் எடைமேடைக்குக் கொண்டுபோய் முன் அச்சைத் தனியாகவும் பின் அச்சைத் தனியாகவும் நிறுத்தி எழுதிக்கொண்டோம். இப்போது பானையோ பாயோ எது புதிதாக ஏறினாலும் அந்த நோட்டில் எழுதுகிறோம்.

20 குதிரைத்திறன் இன்ஜின் அது. ஏற்றத்தில் இடது பெடலை மிதித்தபடியே ஏற வேண்டும், தொடை நடுங்கும். பெட்ரோல் தொட்டி சீட்டுக்கு அடியில் இருக்கிறது, பம்ப் கிடையாது, தானாக வழிந்துதான் இன்ஜினுக்குப் போகும். தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருந்து ஏற்றமும் செங்குத்தாக இருந்தால் வழியாது. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட மேட்டை ரிவர்ஸில் ஏறினார்கள். ரிவர்ஸ் கியருக்கு இழுவையும் அதிகம். நாங்களும் ஒரு முறை ஏறினோம், பெரியவர் முன்னால் நடந்து வழி காட்ட. இறக்கத்தில் மட்டும், இறங்கத் தொடங்குவதற்கு முன்பே முதல் கியரில் போட்டுவிட வேண்டும். பாதி இறக்கத்தில் யோசித்தால் நேரம் போதாது.

இவ்வளவும் செய்தும் ஒரு பிரச்சினை தீரவில்லை. கதவு. வலது பக்கம் இருக்கும் ஒற்றைக் கதவு. கொட்டகைக்குள் சமதரையில் வெண்ணெய் மாதிரி மூடும். ரோட்டில் ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் போதும், பிடித்துக்கொள்ளும், உள்ளே இருப்பவர் தோளால் மோதித்தான் திறக்க வேண்டும். நான் கதவின் ஓரத்தை இழைத்தேன். கீல் மாற்றினேன். மறுபடி இழைத்தேன். வீட்டின் மூலைகளில் கழுந்துகள், அதாவது ஒரு மரத்தை இன்னொன்றின் துளையில் செருகும் முனைகள், துளையை விட்டு வெளியே வரத் தொடங்கின. ஆணி அடித்தேன், இரும்புக் கோணம் போட்டேன். அடுத்த வாரம் வேறு மூலை பிளந்தது.

மூன்றாம் கோடையில் அப்பா வந்தார். அம்மா போனபிறகு முதல் முறை. விமானக் களைப்பு தீரட்டும் என்று இரண்டு நாள் விட்டுவிட்டு கொட்டகைக்கு அழைத்துப் போனேன். கதவைக் காட்டி, எவ்வளவு இழைத்தேன் என்று சொன்னேன். அவர் கதவைப் பார்க்கவே இல்லை. குனிந்து வண்டிக்கு அடியில் போனார். ரொம்ப நேரம் சத்தமில்லை.

"கண்ணு, நாலு அங்குலக் கட்டை ஒண்ணு கொண்டா."

முன் வலது சக்கரத்தைக் கட்டைமேல் ஏற்றச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் மேல் மூலையில் செருகிப் பார்த்தார். போகவில்லை. கீழ் மூலையில் இரண்டு நாணயம் சேர்ந்து போயிற்று. கட்டையை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தார். நாலு மூலையிலும் ஒரு நாணயம் சரியாகப் போயிற்று.

"கதவு மேல தப்பில்லை. இவங்க வண்டிக்கு மேல வீடு கட்டியிருக்காங்க. வீடு அசையாம நிக்கோணும்னு பார்க்கும். சேஸிஸ் முறுக்கிக்கிட்டேதான் போகும். ரெண்டையும் இப்படி இறுக்கிக் கட்டினா எது பலவீனமோ அது பிளக்கும்."

மாடல் டி விஷயத்தில் இது இன்னும் உண்மை. முன்னால் குறுக்காக ஒரே ஒரு ஸ்பிரிங் கட்டு, பின்னால் குறுக்காக ஒன்று. மேடு பள்ளமான மண்பாதையில் நான்கு சக்கரமும் தரையை விடாமல் இருக்க, மெல்லிய சட்டம் வளைந்து கொடுக்கும்படி செய்த வண்டி. மாடல் டி இதைத் தன் குணமாகவே வைத்திருந்தது. எங்கள் வீடு அந்தச் சட்டத்தோடு எட்டு போல்ட்டில், நடுவில் இரும்புத் தகடு வைத்து, முழு இறுக்கத்தில் கட்டப்பட்டிருந்தது.

போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ஆறாவது போல்ட்டின் தகட்டுக்கு அடியில் கருப்பாக, பிசின் மாதிரி ஏதோ நசுங்கி ஒட்டியிருந்தது. நான் சுரண்டிக் குப்பையில் போடப் போனேன். அப்பா கையைப் பிடித்தார். விரல் நகத்தால் கிளறி, விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு மடிப்பாக மடித்த தோல். ஓரத்தில் தையல் ஓட்டை வரிசையாக இருந்தது. குதிரைச் சேணத்திலிருந்து வெட்டிய வார்.

"கட்டினவனுக்குத் தெரிஞ்சிருக்கு சாமி," என்றார் அப்பா. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. பெயர் தெரியாத யாரோ ஒருவர், இன்னொரு கண்டத்தில், தான் பிறப்பதற்கு முன்பே செய்த வேலையைச் சக தொழிலாளியின் வேலையாக அவர் பார்த்தார். முதலில் கட்டியவர் தோல் வைத்துத்தான் கட்டியிருக்கிறார். தோல் நைந்து வீடு ஆடத் தொடங்கியபோது, பின்னால் வந்த யாரோ இரும்பை வைத்து இறுக்கிவிட்டார்கள். நான் கோணம் அடித்ததும் அதே தப்புதான்.

அப்பா சொன்னபடி செய்தோம். பின் அச்சுக்குப் பக்கத்தில் இருந்த நான்கு போல்ட்டையும் ரப்பர் பேக்கிங் வைத்து நன்றாகப் பிடிக்க விட்டோம். முன்பக்கம் இரண்டு இடத்தில் மட்டும், நட்டுக்கு அடியில் சுருள் ஸ்பிரிங் போட்டு, வீடு கொஞ்சம் எழும்பி உட்காரும்படி விட்டோம். நடுவிலிருந்த இரண்டையும் எடுத்தே விட்டோம். சேஸிஸில் புதிதாக ஓர் ஓட்டை கூடப் போட அவர் விடவில்லை. எங்கே வேண்டுமோ அங்கே யூ போல்ட் போட்டுக் கவ்வச் சொன்னார். ஓட்டை போட்ட இடத்தில்தான் சட்டம் முதலில் விரிசல் விடும் என்பது கரூர்ப் பட்டறையில் அவர் எனக்குச் சின்ன வயதிலேயே சொன்னது. என் இரும்புக் கோணங்களையெல்லாம் பிடுங்கிவிட்டு, பிளந்த கழுந்துகளை ஆஷ் மரத்தில் புதிதாகச் செதுக்கினார். மிச்சிகனில் ஆஷ் மரத்துக்கு வந்த கேடு தனிக் கதை. 2002-இல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு, கோடிக்கணக்கான மரங்களைப் பட்டுப்போக வைத்தது. பெரியவர் தன் நிலத்தில் பட்ட மரம் ஒன்றை முன்பே வெட்டி அறுத்து அடுக்கி வைத்திருந்தார். அந்தப் பலகை இந்த வீட்டுக்குள் போனது.

அப்பா ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின வாரம் அவரையும் பெரியவரையும் கூட்டிக்கொண்டு இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட்டில் இந்த மாதிரி வீட்டு வண்டிகளுக்கென்றே இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போனேன். டெட்ராய்ட்டிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். 1913-ஆம் ஆண்டு எர்ல் டிரெய்லர் அங்கே இருக்கிறது. மாடல் டி-யின் பின்னாலிருந்து மேசை டிராயர் மாதிரி படுக்கையும் சமையல் பெட்டியும் இழுத்துக்கொள்ளும் 'டெலஸ்கோப் அபார்ட்மென்ட்' ஒன்றும் இருக்கிறது. அப்பா எதற்கு முன்னால் நின்றாலும் முதலில் குனிந்து, பாடி சட்டத்தில் உட்காரும் இடத்தைத்தான் பார்த்தார். பெரியவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. இரண்டு பேரும் ஒரே போல்ட்டைக் காட்டி ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

அந்தத் தோல் துண்டை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, எந்தப் போல்ட்டின் அடியில் இருந்தது என்று எழுதி, பென்சில் கணக்குப் பலகையோடு பெரியவர் பத்திரமாக வைத்திருக்கிறார். வண்டி வருடத்துக்கு நான்கைந்து முறை வெளியே போகிறது, மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. கூரைக் கித்தான் இன்னும் மாற்றவில்லை, அது அடுத்த வசந்தத்துக்கு. முன்பக்க ஸ்பிரிங் நட்டுகளை ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு பார்க்கிறேன். குளிர்காலத்தில் மரம் சுருங்குவதால் அவை அரைச் சுற்று தளர்ந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கரூருக்கு போன் போட்டால், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே அப்பா கேட்பது ஒன்று உண்டு.

"கதவு பிடிக்குதா கண்ணு?"

"இல்லீங்ப்பா. நேத்துகூட கட்டை வெச்சுப் பார்த்தேன். நாலு மூலையிலும் காசு போகுது."